என் பீரியட்ல…

அரிமா சங்கத் தலைவர் பதவிக்கு ஆயுள் சரியாக ஒரு வருடம். ஜூலை 1 அன்று பட்டை கழுத்தில் ஏறும், அடுத்த ஜூன் 30இல் இறங்கிவிடும். முன்னாள் தலைவர் என்ற பதவிக்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது. அதனால் எங்கள் ஊர்ச் சங்கத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், மேடையில் ஒரே ஒரு தலைவரும் முன்வரிசை முழுக்க முன்னாள்களும் இருப்பார்கள். சங்கத்தை நடத்துவது அந்த முன்வரிசைதான்.

நான் சொல்ல வந்தவர் அந்த வரிசையில் நடு நாற்காலிக்காரர். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டுப் பெயர்ப்பலகையில் பெயருக்கு முன்னால் ‘அரிமா’, பின்னால் ‘எம்.ஜே.எஃப்.’ அது மெல்வின் ஜோன்ஸின் பெயரால் தரப்படும் கௌரவம். 1917இல் சிகாகோவில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய இன்ஷூரன்ஸ்காரர்தான் மெல்வின் ஜோன்ஸ். சங்கத்தின் சர்வதேச அறக்கட்டளைக்கு 1,000 டாலர் நன்கொடை தந்தால் அந்தக் கௌரவம் கிடைக்கும். மூன்று வருடம் படித்து வாங்கிய பி.காம். அதற்கும் பின்னால், இடமிருந்தால் வருகிறது.

அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுவது “என் பீரியட்ல…”

“என் பீரியட்ல டிஸ்ட்ரிக்ட் கவர்னர் விசிட்டுக்கு மேளம் வச்சோம்யா. இப்ப என்னடான்னா, மனுஷன் வந்ததே தெரியல.”

“என் பீரியட்ல மீட்டிங் ஏழு மணின்னா ஏழு மணி.” (அந்த ஏழு மணிக் கூட்டம் எட்டரைக்குத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் முன்னாள்கள் என்பதால் காட்டிக்கொடுப்பதில்லை.)

அந்த வருடம் நல்ல மழை பெய்ததையும் இதே தோரணையில்தான் சொல்கிறார்.

மாதாந்திர ‘ஃபேமிலி மீட்’டில் அவரைப் பார்க்க வேண்டும். மணி அடித்து, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி முடிந்ததும், “நேரமின்மை காரணமாக இரண்டே வார்த்தை” என்று மைக்கைப் பிடிப்பார். பின்னால் பரோட்டா ஆறிக்கொண்டிருக்கும். சங்கத்தில் ‘டெயில் ட்விஸ்டர்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக்கவும், சின்னச் சின்னக் காரணம் சொல்லி உறுப்பினர்களிடம் அபராதம் பிடுங்கவும் ஏற்பட்டது. மற்றவர்கள் அந்தப் பொறுப்பாளர் கண்ணில் படாமல் ஐஸ்கிரீம் பக்கம் ஒதுங்க, நம்மவர் தானாகப் போய் மாட்டிக்கொள்வார். “தம்பி, பையன் அமெரிக்காவுல வீடு வாங்கியிருக்கான், எனக்கு ஃபைன் போடலையா?” ஐந்நூறு ரூபாய்க்கு மைக்கில் இவ்வளவு நல்ல விளம்பரம் வேறெங்கும் கிடைக்காது என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன!

அவர் மனைவி இந்தக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. “பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு அங்க வந்து உங்க பேச்சையே கேக்கணுமாங்க? வீட்லயே கேக்குறேனே” என்றாராம். பீரோவில் மூன்று தட்டுகளை அடைத்துக்கொண்டிருக்கும் சால்வைகள் மீதும் அந்த அம்மாளுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் சால்வை ஒரு வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. இவருக்குப் போர்த்தியது அடுத்த மாதம் மண்டலத் தலைவருக்குப் போகும். அவர் அதை இன்னொரு சங்கத்தில் போர்த்துவார். ஒன்று இவருக்கே திரும்பி வந்திருக்கிறது. ஓரத்துக் காபிக் கறையை வைத்து அம்மாள் கண்டுபிடித்தார்.

தையல் மெஷின் வழங்கும் விழாப் படம் ஒன்று கடையில் மாட்டியிருக்கிறது. ஒரு மெஷின் மேல் ஒன்பது கைகள். வாங்கிக்கொண்ட பெண் எங்கே என்று தேடினால், இவர் முழங்கைக்குப் பின்னால் கொஞ்சம் தலைமுடி தெரிகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு கண் முகாமைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

1925இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் அரிமாக்களின் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்துக்கொண்ட வேலையை இன்றும் விடவில்லை. (நம்மவர் இதை மேடையில் சொல்லும்போது, ஹெலன் கெல்லர் வந்ததும் இவர் பீரியடில்தானோ என்று சந்தேகம் வரும்.) எங்கள் பக்கத்துக்கு மருத்துவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து வருகிறார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. பரிசோதனை, புரை இருப்பவர்களை பஸ்ஸில் அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளூர்ச் சங்கம் செய்ய வேண்டியது வேறு: இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகக் கத்துவது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது, மொத்தத்தில் கூட்டம் சேர்ப்பது.

இந்த வேலைக்கென்றே பிறந்தவர் நம்மவர். அடக்கமான மனிதர் ஒருவர் இதே முகாமை நடத்தினால் பக்கத்துத் தெருவுக்குக்கூடச் செய்தி போகாது. கண் புரை உள்ளவர்கள் படிக்க வேண்டிய ஃபிளெக்ஸில் தேதியும் இடமும் பொடி எழுத்தில் கிடக்கும், வாஸ்தவம்தான். ஆனால் புரை முற்றியவருக்கும் தெரிகிற அளவில் இவர் முகம் இருப்பதால், “என்னப்பா இவன் திரும்ப நிக்கிறான், என்ன விஷயம்?” என்று பேரனைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே பள்ளிக்கூட வாசலில் நிற்பார். வராத கிழவரை வீட்டுக்குப் போய் அதட்டிக் கூட்டிவருவார். பஸ் கிளம்பும்வரை சாப்பிட மாட்டார். படம் மட்டும் எடுத்தாக வேண்டும்.

போன முகாமில் ஒரு பாட்டியைப் பிடித்து நிறுத்தி, “பாட்டி, கேமராவைப் பாருங்க” என்றார்.

“கண்ணு தெரிஞ்சா நான் எதுக்குய்யா இங்க வர்றேன்?” என்றாள் பாட்டி.

மூன்றாம் நாள் அவள் மதுரையிலிருந்து திரும்பியபோது பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் நின்றார், கேமராவோடு. இந்த முறை பாட்டி நேராகப் பார்த்தாள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், முகாமும் போட்டிருப்பார். வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்வை மங்கியிருந்தால் யோசிக்காமல் அழைத்துப் போங்கள். பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.