நாய்க்குப் பின்னால் நடப்பவர்

அமெரிக்காவில் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களின் வடபகுதிக் காடுகளில் அக்டோபர் மாதம் ஒரு வகை மனிதர் தென்படுவார். தலையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் தொப்பி, முள் கிழிக்காதபடி முன்பக்கம் தடித்த துணி வைத்துத் தைத்த பேண்ட், கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. பார்த்தால் வேட்டைக்காரர். கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அரசாங்கம் கொடுத்த உரிமம்கூடச் சட்டைப்பையில் இருக்கும். ஆனாலும் அவர் வேட்டைக்காரர் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. வேட்டையாடுவது அவருக்கு முன்னால் ஓடுகிற நாய். இவர் அந்த நாய்க்கு டிரைவர், சமையல்காரர், கம்பவுண்டர், கொள்கை பரப்புச் செயலாளர். துப்பாக்கி தூக்குவது கூடுதல் பொறுப்பு, அதற்குத் தனிப்படி கிடையாது.

முதல் சான்று பறவை. இவர் தேடிப் போவது ரஃப்டு க்ரௌஸ் என்னும் காட்டுப் பறவை. கௌதாரியைவிடப் பெரியது, நாட்டுக்கோழியைவிடச் சிறியது. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மரம் வெட்டிய நிலத்தில் நெருக்கியடித்து முளைத்துவரும் இளம் ஆஸ்பென் காடு அதற்குப் பிடித்த குடியிருப்பு. அதற்குள் மனிதன் நிமிர்ந்து நடப்பதே பெரும்பாடு. ஆனால் இதே பறவை, தின்றதை அரைக்கப் பொடிக்கல் வேண்டி, கப்பிச்சாலை ஓரத்துக்குத் தானாகவே வரும். உள்ளூர்க்காரர் பிக்கப் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய், இறங்கி, நிற்கிற பறவையைச் சுட்டு, பொழுது சாய்வதற்குள் அடுப்பில் ஏற்றிவிடுவார். கறிதான் குறி என்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இந்த யோசனையை நம்மவரிடம் சொன்னால் முகம் சுளிப்பார். பறவை பறக்க வேண்டும், அதற்கு முன் நாய் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நாய்க்குத் தெரியாமல் தற்செயலாக எழும்பிய பறவையைச் சுட்டு வீழ்த்தினால் அது கணக்கில் சேராது என்று வாதாடுகிறவர்களும் இந்த இனத்தில் உண்டு. சாப்பாட்டுக்காகப் புறப்பட்டவன் பேசுகிற பேச்சா இது?

இரண்டாவது சான்று பணம். மிச்சிகனில் இந்தப் பறவைக்கான பருவம் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 14 வரை. டிசம்பரில் இன்னொரு சுற்று. நாயோ பன்னிரண்டு மாதமும் சாப்பிடும், பன்னிரண்டு மாதமும் டாக்டரிடம் போகும். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் வீட்டில் யாருக்கு என்ன மரியாதை என்பது விளங்கிவிடும். நாய்க்குக் காற்றோட்டமான தனிப்பெட்டி, இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை, மார்புக்கு முள்கவசம், பாதத்துக்கு நான்கு பூட்ஸ், கண் கழுவ மருந்துநீர், முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய்த் திரும்பினால் முள் பிடுங்க இடுக்கி. எஜமானருக்கு நேற்றைய சாண்ட்விச். நாயின் உள்ளங்காலில் சின்ன வெட்டு விழுந்தால் அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது. அவருடைய முழங்கால் வீங்கினால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு நடப்பார். தங்கும் மோட்டலில் வெந்நீர் வருமா என்று விசாரிக்க மாட்டார். நாயை அறைக்குள் விடுவார்களா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது சான்று களத்தில் கிடைக்கிறது. ஜிபிஎஸ் வந்த பிறகும் நாயின் கழுத்தில் சின்ன மணி கட்டும் வழக்கம் போகவில்லை. மணி ஒலிக்கும்வரை நாய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒலி நின்றால்தான் செய்தி. காற்றில் வாடை பிடித்த செட்டர் நாய் அப்படியே உறைந்து நிற்கும்: ஒரு முன்னங்கால் மடங்கியபடி, வால் விறைத்து மேல்நோக்கி, மூக்குத் துவாரம் மட்டும் அசைய. இதற்குப் பெயர் பாயிண்ட். இவர் மூச்சிரைக்க, கிளை காதில் அறைய, கண்ணாடி ஆவி படிந்து மங்க, வந்து சேர்வார். பறவை இடி இடித்த மாதிரி சிறகடித்து, எதிர்பார்க்காத பக்கத்தில் எழும்பி, நொடியில் ஒரு ஃபிர் மரத்தைத் தனக்கும் அவருக்கும் நடுவே நிறுத்திக்கொள்ளும். இரண்டு வெடி. மரப்பட்டை கொஞ்சம் உதிரும். நாய் திரும்பிப் பார்க்கும். இவர் அதனிடம் மன்னிப்புக் கேட்பார், சத்தமாகவே. ஆனால் ராத்திரி மோட்டலில் அவர் பேச்சைக் கேளுங்கள்: பள்ளி ஆண்டு விழாவில் மகள் மேடையில் ஆட, கீழே உட்கார்ந்து தாளம் போட்ட அப்பாவின் பூரிப்பு அது. நாய் நின்ற நிற்பு இருபது நிமிடம் ஓடும். குறி தவறிய சங்கதி அரை வாக்கியத்தில் முடிந்துவிடும். போனில் உள்ள படங்களிலும் நாய் முழுசாக இருக்கும், இவருடைய பூட்ஸ் மட்டும் ஓரமாக இருக்கும்.

சரித்திரமும் நாயின் பக்கமே. இங்கிலாந்து மருத்துவர் ஜான் கயஸ் நாய்களைப் பற்றி 1570-இல் லத்தீனில் எழுதிய நூலில் இந்த வேலை வருகிறது: நாய் பறவை இருக்கும் இடத்தைக் காட்டிப் பதுங்கும், மனிதன் வலையை வீசி மூடுவான். துப்பாக்கி இந்தக் கூட்டணிக்குப் பின்னால் வந்து சேர்ந்த புது உறுப்பினர். சேர்ந்த பிறகு அது கிழித்தது என்ன என்பதற்கு ஒலிம்பிக்கே சாட்சி. 1920 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்ற க்ரௌஸ் வேட்டைக்காரரும் கூட்டாளிகளும், கை சரிப்பட வேண்டுமென்று களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டு வட்டமாகச் சுற்றி நின்று சுட்டுப் பழகினார்கள். பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்ததால் வட்டம் பாதியாகக் குறைந்தது. அதுதான் ஸ்கீட், 1968-இல் ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. துப்பாக்கி பிடித்தவனின் டியூஷன் வகுப்பே உலக விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. நாய்களின் போட்டியோ வேறு ரகம். 1896-இல் தொடங்கி, பின்னர் டென்னசி மாநிலத்து ஏம்ஸ் பண்ணையில் புகழ்பெற்ற தேசியப் பறவைநாய்ச் சாம்பியன் போட்டியில் ஒவ்வொரு நாயும் மூன்று மணி நேரம் ஓடிக் காடை தேடும். நடுவர்கள் குதிரைமேல் பின்தொடர்வார்கள். நாய் பறவையைக் கண்டுபிடித்ததும் வெற்றுத் தோட்டா வெடிக்கும், பறவை பறந்துபோகும். இந்தத் துறையின் உச்சபட்ச விழாவில் ஒரு பறவையும் சாவதில்லை. மனிதனின் குறியை மதிப்பெண் பட்டியலிலிருந்து நீக்கிப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் குறையவில்லை.

இதெல்லாம் சரி, காட்டில் சாவது பறவைதானே, நாயைக் காட்டிக் கொலையை மறைக்கிறீர்களே என்று கேட்கலாம். மறைக்கவில்லை. குறி தப்பாத நாளும் உண்டு, அன்று பறவை சாகத்தான் செய்கிறது. அவர் நிரபராதி என்பதல்ல இங்கே வாதம். யாருக்காகச் செய்கிறார் என்பதே. தேடிக் கண்டுபிடித்தும் வாயில் ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய் மனம் விட்டுவிடும், அதனால் அவ்வப்போது கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பார் அவர். வசதியான சமாதானம்தான். ஆனால் சமாதானத்திலும் நாயே முன்னால் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. தயாரிப்பாளர் கட்டும் வரி விலையில் ஏறி வாங்குகிறவர் தலையில் விடியும். குறி தவறத் தவறத் தோட்டா அதிகம் செலவாகும், காட்டுக்கு வருமானம் கூடும். வேலை தெரியாததாலேயே பொதுநலம் செய்கிற தொழிலாளி உலகத்தில் வேறு யார்?

ஸ்காட்லாந்தில் ஆகஸ்டு 12-இல் தொடங்கும் சிவப்பு க்ரௌஸ் வேட்டையைக் காட்டி மறுப்பவரும் உண்டு. அங்கே ஆட்கள் கொடி அசைத்துப் பறவைகளை விரட்டுவார்கள். கனவான்கள் மறைப்புக்குப் பின்னால் வரிசையாக நின்று சுடுவார்கள். மாலையில் எண்ணிக்கை ஏட்டில் ஏறும். அவர்கள் வேட்டைக்காரர்கள் என்றால் நமக்கு ஆட்சேபமில்லை. அங்கே நாய்க்குப் பெரும்பாலும் விழுந்ததைப் பொறுக்கும் வேலைதான், அதனால்தான் எண்ணிக்கைக்கு மரியாதை. நாய் முன்னால் போகிற இடத்தில் எண்ணிக்கை பின்னால் போய்விடுகிறது. கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது: நாயின் பெருமை என்பது அவருடைய தற்பெருமைதானே? அப்படியானால் தன் தவறுக்கும் அவர் சாக்குத் தேட வேண்டும். தேடுவதில்லை. தன் வெடி வீணானால் மோசமாகச் சுட்டேன் என்று ஒப்புக்கொள்வார். நாய் மோப்பம் தவறவிட்டால் மட்டும் காற்று, ஈரப்பதம், காய்ந்த சருகு, நேற்றைய களைப்பு என்று வானிலை அறிக்கையே வாசிப்பார். தன் பெயரைவிட இன்னொருவர் பெயரைக் காப்பதில் இத்தனை அக்கறை முதலாளிக்கு வராது, விசுவாசமான ஊழியருக்குத்தான் வரும்.

ஆக, தவறு அவரிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. வாடை பிடிக்கவும் பறவையைக் கண்டுபிடிக்கவும் உறைந்து நிற்கவும் தெரிந்தவர் உரிமமே இல்லாமல் முன்னால் ஓடுகிறார். உரிமம் வாங்கியவர் பின்னால் முள்ளில் சிக்கி நிற்கிறார். மாநில அரசுகள் யோசித்து, வேட்டை உரிமத்தை நாயின் பெயருக்கு மாற்றிவிட்டு, மனிதருக்கு உதவியாளர் அடையாள அட்டை ஒன்று கொடுத்தால் போதும். எதிர்ப்பே வராது. அட்டையில் ஒட்ட வேண்டிய புகைப்படத்தில் மட்டும் குழப்பம் வரலாம். அவர் நாயின் படத்தைத்தான் நீட்டுவார்.