மூன்றாவது பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஏதாவது ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். பேனல் போர்டின் நெற்றியில் மூன்று பொட்டு இருக்கும்: சந்தனம், குங்குமம், சி.இ. ஸ்டிக்கர். முதல் இரண்டில் பக்தியாவது இருக்கிறது.

சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கான முத்திரை. பெரும்பாலான எந்திரங்களுக்கு, சோதனை செய்து, கோப்பு தயாரித்து, விதிப்படி இருக்கிறது என்று தயாரித்தவரே கையெழுத்திட்டு ஒட்டிக்கொள்ளலாம். நம்மவர்கள் சிக்கனக்காரர்கள். 'ஒட்டிக்கொள்ளலாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கோவைப் பக்கம் ஒரு முதலாளியிடம், "டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குங்களா?" என்று கேட்டேன். "அதானுங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதே" என்றார். ரோலாக வாங்கினால் மலிவாம்.

அதே பட்டறையில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ் இருந்தது. டிரைவ் சத்தமில்லாமல் இரைச்சல் போடும் சாமான்; அந்த இரைச்சல் கம்பி வழியாகப் போய்ப் பக்கத்து மெஷினின் சென்சாரைக் குழப்பும். அதற்காகத்தான் உள்ளே ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். இரைச்சலை எர்த்தில் இறக்கிவிடுவது அதன் வேலை. இறக்கும்போது கொஞ்சம் மின்சாரமும் கசியும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து விழ வேண்டிய காவல் ஸ்விட்ச்சான ஈ.எல்.சி.பி., கடமை தவறாமல் விழும். முறையாகச் செய்பவன் டிரைவுக்குத் தோதான சாதனத்தைப் போட்டு, எர்த்தையும் சரி செய்வான். நம் எலக்ட்ரீசியனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. முதலில் ஃபில்டரின் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினார். பிறகும் விழுந்ததால் ஈ.எல்.சி.பி.யையே 'டைரக்ட்' செய்துவிட்டார். இப்போது எதுவும் விழுவதில்லை. விழுவதற்கு மிச்சமிருப்பது ஆள் மட்டும்தான்.

ஒரு 100 வாட் குண்டு பல்பு குடிக்கும் மின்சாரத்தில் கால் பங்குகூட வேண்டாம், ஒரு நெஞ்சை நிறுத்த. முதலாளி அறையில் எரிவது அதைவிடப் பெரிய பல்பு.

மூன்று பேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது விதி. இரண்டு பச்சைக் கம்பி இருக்கத்தான் செய்தது. இரண்டும் ஒரே போல்ட்டில் போய்ச் சேர்ந்தன. அந்த போல்ட் சுவரோடு நின்றது. வெளியே எர்த் பிட் என்று ஒரு சிமென்ட் மூடி; இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் மட்டும் அதைத் திறந்து இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரம் இருக்கும் வரை மீட்டர் நல்ல எண் காட்டும். அந்த எண் ரெஜிஸ்டரில் ஏறி, அடுத்த சோதனை வரை காயாமல் இருக்கும்.

அரசு சும்மா இல்லை. பம்பு, கம்ப்ரசர், தறி, உலோகம் வெட்டும் எந்திரம் என்று பலவற்றுக்கும் பாதுகாப்புச் சான்று கட்டாயம் என 2024 ஆகஸ்ட் 28-ல் ஒன்றிய அரசு ஆணை போட்டது. ஓராண்டில் அமலாகும் என்றது. ஓராண்டு நிறையும் முன்பே, 2026 செப்டம்பர் 1 என்று தள்ளி வைத்தது. தொழில்துறை அவகாசம் கேட்டதாம். சோதனைக்குக் காசு ஆகும், சின்னப் பட்டறை திணறும், அது பொய்யில்லை. ஆனால் பேனலுக்கு முன்னால் ஈரக் கையோடு நிற்கும் பையன் எந்த அமைச்சகத்தில் மனுப் போட்டு அவகாசம் வாங்குவான்? இந்த நாட்டில் மின்சாரம் தாக்கிச் சாகிறவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல்.

செத்தால் மட்டும் காகிதங்கள் ஓடி வரும். கோப்பில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். செருப்புப் போட்டிருந்தானா, கையுறை மாட்டியிருந்தானா என்று பிணத்திடம் கேட்பார்கள். ஊரிலிருந்து அப்பனுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார் மேஸ்திரி. மறுநாள் காலை அதிகாரி வருகிறார் என்று தகவல் வரும். அந்தப் பையனோடு ஒரே அறையில் தூங்கியவனைக் கூப்பிட்டு, கையில் ஒரு பக்கெட்டைக் கொடுத்து, எர்த் பிட் இருக்கும் பக்கம் அனுப்புவார்கள்.