ரிங் லைட் தம்பி வாழ்க!

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பட்டுநூல் சுற்ற உட்கார்ந்துவிடும் புக்கிட் செலம்பாவ் அக்காமார் சார்பாகவும், அவர்களிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் எங்கள் சார்பாகவும் தம்பிக்கு இந்த வாழ்த்து. ஜிமிக்கி, வளையல், சுடுமண் பதக்கம் என்று சமையல் மேசையில் பிறக்கும் பொருளையெல்லாம் வாட்ஸ்அப்புக்கும் ஷாப்பிக்கும் படம் பிடித்துத் தருகிறீர்கள். உங்களைப் போல ஒரு கலைஞர் சுங்கைப்பட்டாணி வரை தேடினாலும் அகப்படமாட்டார். தேடவும் யாருக்கும் துணிவில்லை.

உங்கள் முதல் பெருமை அந்த ரிங் லைட். முகத்தைக் காட்டுவதற்கென்று செய்த விளக்கை வளையலுக்கு நேர் எதிரே நிறுத்தத் தோன்றியதே, அது பிறவி ஞானம். வெளிச்சம் நேரே முன்னாலிருந்து விழுந்தால் நிழல் ஒளிந்துகொள்ளும். நிழல் போனால் மேடுபள்ளம் போகும். நூலுக்குப் பக்கத்தில் நூலாக, இடைவெளி விடாமல் அக்கா சுற்றிய வரிகள் எல்லாம் ஒரு நொடியில் வழவழவென்று ஆகிவிடுகின்றன. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வளையலுக்கும் இதற்கும் இனி என்ன வேறுபாடு? கைக்கும் எந்திரத்துக்கும் இருந்த பழைய பகையை ஒரே பொத்தானில் தீர்த்துவைத்தீர்கள். வாங்குகிறவர்களும் அந்தச் சமத்துவத்தை மதித்து, “பசார் மாலாமில் 3 வெள்ளிக்குக் கிடைக்குதே, இங்க மட்டும் ஏன் 15 வெள்ளி?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜிமிக்கியில் பதித்த முத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் விளக்கின் வெள்ளை வட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஜிமிக்கி யார் கைவேலை என்பது தெரியாவிட்டாலும் விளக்கு யாருடையது என்பது தெளிவாகத் தெரிகிறது. கலைஞன் கையெழுத்துப் போடாமல் விடுவானா?

நிறத்தில் உங்கள் தாராளத்தைச் சொல்லி மாளாது. ஜன்னல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை 5,500 கெல்வினுக்கு அக்கம்பக்கம். ஹாலில் எரியும் மஞ்சள் பல்புக்கு 3,000-க்குள்தான். கைப்பேசி கேமராவால் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் வெள்ளையென்று எடுத்துக்கொள்ள முடியும். சிறிய மனம் படைத்தவர்கள் பல்பை அணைத்துவிடுவார்கள். நீங்கள் இரண்டையும் எரியவிட்டு, ஒரே வளையலில் ஜன்னல் பக்கம் நீலம், பல்புப் பக்கம் மஞ்சள் என்று வாரி வழங்குகிறீர்கள். ஒரு வளையல் விலையில் இரண்டு நிறம்!

மலிவான எல்இடி விளக்கைத் தேடிப் பிடித்ததிலும் உங்கள் நுட்பம் தெரிகிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறத்துல்லியக் குறியீடு எட்டு வெளிர்நிறங்களில் வாங்கிய மதிப்பெண்களின் சராசரி. அடர்சிவப்பு ஒன்பதாவது, அது சராசரியில் சேராது. ஆகவே குறியீட்டில் நல்ல எண் வாங்கிய விளக்கும் சிவப்பை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கலாம். நம் பெண்களின் பட்டுப் பெட்டியில் அரக்கும் குங்குமமும்தானே அதிகம்? கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாக அக்கா தேடி எடுத்த அரக்கு நூல் உங்கள் படத்தில் பழம்புளி நிறத்துக்கு வந்துவிடுகிறது. பழம்புளி நிறம் கேட்டவருக்கு அரக்கு போய்ச் சேர்கிறது. அரக்கு கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விடுகிறார். பொருள் திரும்பி வருகிறது. மாற்றுப் பொருள் மறுபடி போகிறது. கூரியர்காரர்கள் உங்களுக்குத் தனியே ஒரு பொன்னாடை போர்த்தினாலும் தகும்.

இனி பின்னணி. பளிங்குக் கோடு போட்ட ஒட்டுத்தாள், அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா, பக்கத்தில் காப்பிக் கோப்பை, மின்னும் சரவிளக்கு, ஒரு மயிலிறகு, கிடைத்த இடுக்கில் வளையல். 2009 ஏப்ரலில் நடந்த புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலில் ஒரே நாற்காலிக்கு 15 பேர் நின்றார்களே, அந்த ஊர் மரபை மறக்காதவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு வேறுபாடு: அங்கே கடைசியில் யார் வென்றார் என்று தெரிந்தது. உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர் காப்பிக் கோப்பையின் விலையைக் கேட்டால் அது அவருடைய ரசனை, உங்கள் குற்றமாகாது.

அலங்காரத்தின் அருமை அறிந்தவர்களுக்குப் பாராட்டு கிடைப்பது தமிழில் புதிதும் அல்ல. பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் கொட்டிலில் நிறுத்திவைத்த தொண்டைமானின் வேல்களைப் பார்த்து ஔவையார் பாராட்டிய வரலாறு புறநானூற்றிலேயே இருக்கிறது. அதே பாராட்டை, அதே பொருளில், உங்கள் மயிலிறகுக்கும் மனமாரத் தருகிறோம்.

வெள்ளைப் பின்னணியையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. அமேசான்காரர்கள் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் சட்டத்தில் 85 விழுக்காட்டை நிரப்பவேண்டும் என்கிறார்கள். உங்கள் வெள்ளைத் தாள் படத்தில் மழைக்கால வானத்தின் சாம்பலோடு வருகிறது. எந்தக் காட்சியைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் போடுவது கேமராவின் பழக்கம். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் தாள் வெளுக்கும். ஆனால் எந்திரத்தின் கணக்கில் தலையிடாத பண்பு உங்களுடையது. அக்காவின் கணக்கில்தான் அது இடிக்கிறது.

பின்புலத்தை மங்கவைக்கும் போர்ட்ரெய்ட் முறையை ஜிமிக்கிக்கும் போட்டீர்கள். எது பொருள், எது பின்புலம் என்று கைப்பேசி ஊகித்து, அடியில் தொங்கிய மணிச்சரத்தைப் பின்புலத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டது. அக்கா மணி மணியாகக் கோத்ததைக் கேள்வி கேட்காமல் துறந்த படம் அது. லென்ஸை ஒட்டிக் கொண்டுபோய் எடுத்ததால் முன்பக்கம் வீங்கிப் பின்பக்கம் சூம்பியது. பக்கத்தில் அளவுக்கு எதுவும் இல்லாததால் அது காதுக்கா கழுத்துக்கா என்பதும் வாங்குபவரின் கற்பனைக்கே விடப்பட்டது. வாசகருக்கு இடம் விட்டு எழுதுவதுதானே நல்ல இலக்கியம்!

உங்களைப் புகழும்போது சிலரை இகழாமல் இருக்க முடியவில்லை. மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்குள்ள பழைய குடியிருப்புகளில் ஒன்றான சுங்கை மாஸில் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. நம் அரிக்கமேட்டில் செய்த மணிகளோடு உறவுடைய வகை. இத்தகைய மணியைப் படம் எடுக்கும் தொல்லியல்காரர்களின் வறட்சியைப் பாருங்கள். ஒரே நிறத்தில் ஒரு விரிப்பு. இடது மேல்மூலையிலிருந்து ஒரு வெளிச்சம். பக்கத்தில் ஓர் அளவுகோல். ஒரு ரோஜா உண்டா? பக்கவாட்டில் வெளிச்சம் விழுவதால் மணியின் வெட்டு விளிம்பும், துளைக்கு இணையாக நீண்டிருக்கும் குமிழிகளும் அம்மணமாகத் தெரிந்துவிடுகின்றன. அந்தக் குமிழியை வைத்துத்தான் கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டிச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு கைவினைஞரின் கை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அகப்பட்டுக்கொள்கிறது. உங்களிடம் அந்த மணி வந்திருந்தால் அவர் இப்படி மாட்டியிருக்க மாட்டார்.

எல்லாப் புகழுக்கும் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் புகழுக்கு ஆபத்து வீட்டு முன்னால் இருக்கும் போர்ச்சு. “வடக்கு ஜன்னல்தான் சிறந்தது” என்று வெளிநாட்டுக் காணொளி பார்த்துச் சொல்லி அக்காவைப் போர்ச்சுப் பக்கம் போகவிடாமல் வைத்திருக்கிறீர்கள். நல்ல காலம். நம் ஊர் ஏறக்குறைய 5.7 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியனே வடக்குப் பக்கம் நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணி வாக்கில் என்பதும், ஆகவே காலை ஒன்பது, பத்து மணிக்கு வெளிச்சம் இன்னும் பக்கவாட்டில்தான் வருகிறது என்பதும் அவர் காதில் விழவேண்டாம்.

விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? பள்ளிப் பிள்ளையின் மாஜோங் தாள் ஒன்றை எடுப்பார். போர்ச்சு நிழலில் ஒரு நாற்காலியின் சாய்மானத்தில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து இறக்குவார்; பின்னணிக்கும் தரைக்கும் நடுவே கோடே இருக்காது. வாசல் அகல வானம் ஒரு வளையலுக்கு மாபெரும் விளக்கு. விளக்கு பெரிதானால் நிழல் மென்மையாகும். வெயில் நேரே எட்டிப் பார்த்தால் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுவார். இருண்ட பக்கத்தில் வெள்ளை மணிலா அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுவார். லென்ஸைத் துடைப்பார். கைப்பேசியை மைலோ டின்மேல் சாய்த்து, சற்றுத் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு லென்ஸில் எடுப்பார். ஒரு படம் தனியாக, ஒரு படம் 50 சென் காசோடு, ஒரு படம் மகள் கையில் போட்டு. மொத்தச் செலவு ஒரு தாளும் ஓர் அட்டையும்.

அந்தப் படத்தில் நூல் வரி ஒவ்வொன்றும் தெரியும். முடிச்சு போட்ட இடம் தெரியும். ஓர் இடத்தில் நூல் இம்மியளவு ஏறி உட்கார்ந்திருப்பதும் தெரியும். அதைப் பார்த்ததுமே இது கைவேலை என்று புரிந்து, 15 வெள்ளியை யாரும் பேரம் பேசாமல் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் உங்கள் கலையை யார் கூப்பிடுவார்கள்?

ஆகவே தம்பி, அடுத்த முறை வரும்போது காரைச் சாலையோரம் விடாதீர்கள். நேராகப் போர்ச்சுக்குள் ஏற்றி, வெளிச்சம் வரும் வழியை நன்றாக அடைத்து நிறுத்துங்கள்.