பத்துப் பொருத்தம் வேண்டாம், நான்கு போதும்!

கேள்வி: ஐயா, என் மடிக்கணினிக்குப் பத்து வயது. வைஃபை ஆமை வேகம். புது வயர்லெஸ் கார்டு மாற்றலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், லெபோ பசார், ஜார்ஜ்டவுன்

பதில்: தாராளமாக மாற்றலாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், கார்டுக்கு நான்கே!

முதலில் இடப் பொருத்தம். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பழையவற்றில் மினி பிசிஐஇ, பிறகு வந்தவற்றில் எம்.2. இரண்டும் வேறு வேறு குலம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது.

இரண்டாவது பெரியவர் சம்மதம். லெனோவோ, எச்பி பழைய மாடல்கள் சிலவற்றில், பட்டியலில் இல்லாத கார்டை, கணினியைத் தொடக்கும் பயாஸ் மென்பொருள் வாசலிலேயே நிறுத்திவிடும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பெயர்ப் பொருத்தம். எம்.2 இடத்துக்கு இன்டெல் ஏஎக்ஸ்200 பொருந்தும். ஏஎக்ஸ்201 அதன் இரட்டைப் பிறவி போலத் தெரியும். ஆனால் அதற்கென வடிவமைத்த புதிய இன்டெல் கணினிகளில் மட்டுமே குடித்தனம் நடத்தும். ஓர் எண்ணில் ஏமாறாதீர்கள்!

நான்காவது ஆன்டெனா கம்பி. எம்.2 கார்டின் முனை மினி பிசிஐஇ கார்டின் முனையைவிடச் சிறியது; பழைய கம்பியை அழுத்தித் திணித்தால் உடையும்.

பொருத்தம் கூடாவிட்டால் கவலை வேண்டாம், யுஎஸ்பி வைஃபை அடாப்டர் இருக்கிறது. கார்டு வாங்கக் கொம்தார் கடைகள் பக்கம் போகும்போது மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போங்கள். பெண்ணைப் பார்க்காமல் புடவை எடுக்கலாமா?

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972ல் திறந்தது நம் பினாங்கில்தான். இந்த ஊரில் பிறந்த சிப்புகள் உலகைச் சுற்ற, நம் பழைய கணினியைக் குப்பைக்கு அனுப்பலாமா? பழுது பார்த்து வாழவைப்போம்!