வாரண்டிக்காரர்

கேமரா வாங்குவோரை இரு பிரிவாகக் கொள்ளலாம்: படம் எடுப்பதற்காகக் கேமரா வாங்குவோர் ஒரு பிரிவினர், வாங்கிய கேமராவில் குறை காண்பதற்காகப் படம் எடுப்போர் மற்றொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினரில் முதிர்ச்சி பெற்றவரை, வேறு பொருத்தமான பெயர் இன்மையால், வாரண்டிக்காரர் என்று குறிப்பிடலாம். வாரண்டி என்பது, விற்ற பொருளில் தயாரிப்புக் குறையால் பழுது நேர்ந்தால், குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், கட்டணமின்றிச் சீர்செய்து தருவதாகத் தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியாகும். பிறர் கேமராவைப் பொருளாகவும் அந்த வாக்குறுதியைப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு தாளாகவும் கருத, வாரண்டிக்காரரோ அந்தத் தாளையே பொருளாகவும், கேமராவை அதனுடன் வந்த இலவச இணைப்பாகவும் கருதுகிறார்.

சென்னையில் இவ்வகையினர் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் முதலிய பகுதிகளில் செறிந்து வாழ்கின்றனர். கணக்கு, தணிக்கை, காப்பீடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் வேலை பார்ப்பவராகவோ பார்த்து ஓய்வு பெற்றவராகவோ இருப்பர். அவர் வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்கு மேல்தட்டில், மிக்ஸி முதல் மின்விசிறி வரை எல்லாவற்றின் பில்களும் வாங்கிய தேதி வரிசையில் கோக்கப்பட்ட ஒரு ஃபைல் உண்டு. கேமராவின் பில்லுக்கு மட்டும் தனிக் கவனிப்பு, ஏனெனில் அது பெரும்பாலும் வெப்பத்தாளில், அதாவது மையே இல்லாமல் சூட்டினால் எழுத்து தோன்றும்படி பூச்சிடப்பட்ட தாளில், அச்சாகி வருவது. சில மாதங்களிலேயே வெளிறத் தொடங்குவது. வாரண்டி முடிவதற்கு முன்பே வாரண்டிக்கான சான்று மறைந்துவிடும் இந்த ஏற்பாடு தற்செயலானது என்று அவர் நம்புவதில்லை. ஆகவே வாங்கிய அன்றே மூன்று ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறார். இத்துறைக்குப் புதியவர் ஒருவர், பில்லைக் காக்கிறோம் என்ற எண்ணத்தில் அதை லேமினேஷனுக்குக் கொடுப்பதும், இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுவதும் கறுத்து, பளபளப்பான கருப்புச் செவ்வகமாக அது திரும்பி வருவதும் உண்டு. மூத்த வாரண்டிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதில்லை, துக்கம் விசாரிக்கிறார்கள்.

வாங்கும் இடத்திலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் பாரிமுனை அருகே அமைந்த பர்மா பஜாரில் அதே கேமரா சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்றும், இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடலாம் என்றும் மைத்துனர் யோசனை சொல்வார். தயாரிப்பாளரின் இந்தியக் கிளை வழியாக வராத சரக்கின் தொடர் எண் அந்தக் கிளையின் பதிவேட்டில் இராது. ஆதலால் பல நிறுவனங்கள் அதற்கு இங்கே இலவசப் பழுதுநீக்கம் தருவதில்லை. இதை எடுத்துக்காட்டி, "பழுதானா என்ன பண்றது?" என்று வாரண்டிக்காரர் கேட்பார். "ஆகலைன்னா?" என்று மைத்துனர் திருப்பிக் கேட்பார். பழுதாகாத கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வாரண்டிக்காரருக்கு உண்மையிலேயே விளங்குவதில்லை.

காம்பாக்ட் கேமராவில், அதாவது லென்ஸைக் கழற்ற இயலாததும் சட்டைப்பையில் அடங்குவதுமான சிறு கேமராவில், நோய் பெரும்பாலும் லென்ஸில்தான் வருகிறது. அணைத்திருக்கையில் உடலுக்குள் ஒடுங்கவும், இயக்கியதும் வெளியே நீளவும் வேண்டியிருப்பதால், லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழல்களில் பொருத்தப்பட்டிருக்கிறது. விரல் நுனி அளவே உள்ள ஒரு மோட்டார் நுண்ணிய பற்சக்கரங்களைச் சுழற்ற, குழல்களின் முளைகள் சாய்ந்த தடங்களில் வழுக்கி ஏறி அவற்றை முன்னே தள்ளுகின்றன. மெரினாவில் பறந்த ஒரு மணல் துகள் இத்தடத்தில் புகுந்தாலோ, நீண்டிருக்கும் குழல் எதிலேனும் இடித்து ஒரு முளை தடம் விலகினாலோ, மோட்டார் முக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. லென்ஸ் உரிய இடத்தை அடையவில்லை என்று கண்ட கேமரா, திரையில் 'லென்ஸ் எரர்' என்று அறிவித்துவிட்டு அணைந்துபோகிறது. 2000த்தை அடுத்த ஆண்டுகளில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கேமராக்கள் இதே செய்தியை 'ஈ18' என்ற குறியீட்டால் தெரிவித்தன. ஆடிப் பதினெட்டைத் தவிர வேறு பதினெட்டை அறியாதிருந்த குடும்பங்களில், "பதினெட்டு வந்துடுச்சு" என்ற சொல்லுக்கு அதனால் புதுப்பொருள் ஏற்பட்டது.

இந்நிலையில் சாதாரண மனிதர் கேமராவை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுகிறார். துணிந்தவர் வேக்குவம் கிளீனரின் குழாயை லென்ஸின் வாயில் வைத்து மணலை உறிஞ்சப் பார்க்கிறார். இம்முறைகள் சில வேளைகளில் பலிப்பதும் உண்டு என்பதை மறுக்க இயலாது. வாரண்டிக்காரர் மட்டும் லென்ஸைத் தொடுவதில்லை. பேட்டரியை நீக்கி, பழுது தோன்றிய நாளையும் நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதி, பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அதன் அட்டைத் தடுப்புகளைப் பழைய வரிசையில் அடுக்கி, கேமராவை உள்ளே படுக்க வைக்கிறார். அவர் முகத்தில் அப்போது தோன்றும் ஒளியைக் கவலை என்று எண்ணி ஆறுதல் சொல்ல வருபவர் ஏமாந்துபோவார். ஏழாம் மாதத்தில் வந்த லென்ஸ் எரர், அவரைப் பொறுத்தவரை, போட்ட பணத்துக்குக் கிடைத்த முதல் வட்டி.

எனினும் தானாக வரும் பழுதுக்காகக் காத்திருப்பவரை முழுமையான வாரண்டிக்காரர் எனல் தகாது. முழுமை பெற்றவர் தேடிச் செல்கிறார். லென்ஸ் என்று ஒருமையில் சொன்னாலும் அது பல கண்ணாடி வில்லைகளின் வரிசை. அவற்றின் மையங்கள் ஒரே கோட்டில் அமைந்தால்தான் படம் எங்கும் ஒரே தெளிவுடன் விழும். ஏதேனும் ஒரு வில்லை மயிரிழை நகர்ந்தாலும் சாய்ந்தாலும், ஒரு பக்கம் தெளிந்தும் மறுபக்கம் மங்கியும் போகும். இக்குறையை மைய விலகல் எனலாம். இதைக் கண்டறிய, செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் இணையாகக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளித்துளையை, அதாவது லென்ஸினுள் ஒளி புகும் வாயிலை, முழுவதும் திறந்து படம் எடுத்து, நான்கு மூலைகளையும் கணினியில் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். பின்பு கேமராவைத் தலைகீழாக்கி மறுபடியும் எடுக்க வேண்டும். மங்கல் சுவரின் அதே பகுதியில் நின்றால், கேமராவை வைத்த கோணத்தில் பிழை; கேமராவோடு சேர்ந்து சுவரின் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினால், குற்றவாளி லென்ஸ். முறை என்னவோ குறைசொல்ல முடியாதது. ஆனால் சென்னையில் பூசாத செங்கல் சுவர் எளிதில் கிடைப்பதில்லை. கட்டடம் பாதியில் நிற்கும் மனைகளைத் தேடி, முக்காலியும் கையேடுமாக வந்து நின்று சுவரை மூலைக்கு மூலை உற்றுநோக்கும் வாரண்டிக்காரரை மாநகராட்சி அதிகாரி என்று கருதி, மேஸ்திரி ஓடிப்போய்க் காபி வாங்கி வருகிறார். அதைக் குடித்துவிட்டு இடது மேல்மூலை சரியில்லை என்று அவர் சொல்ல, மேஸ்திரி அன்று மாலையே அந்த மூலையை இடித்துக் கட்டுவதும் நடக்கக்கூடியதே.

இதன் விளைவு அவர் வீட்டு ஆல்பத்தில் தெரிகிறது. குழந்தைகள் தவழ்ந்ததற்கும் நடந்ததற்கும் அதில் சான்று கிடையாது. செங்கல் சுவர்கள் உண்டு, வரி விளம்பரப் பக்கத்தை ஒட்டி எடுத்த சுவர்கள் உண்டு, தூசிப் புள்ளிகளைக் காண்பதற்காக எடுத்த வெறும் வானங்கள் உண்டு. மகள் இருப்பது ஒரே ஒரு படத்தில்; உறவினர் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக் கிளம்பியவளை, மனித முகத்தில் மங்கல் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதற்காக இடது ஓரத்தில் நிறுத்தி எடுத்த படம் அது.

தூசியைப் பற்றியும் பூசணத்தைப் பற்றியும் இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நீண்டு ஒடுங்கும் குழல் கொல்லன் துருத்தியைப் போலக் காற்றை உள்ளிழுப்பதால் தூசி உள்ளே போகிறது என்பதும், ஈரக்காற்றில் மூடிவைத்த லென்ஸில் பூசண இழைகள் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கின்றன என்பதும் அவர் அறிந்தவையே. ஆனால் இவ்விரண்டையும் வாரண்டி பெரும்பாலும் விலக்கிவைப்பதால் அவரும் விலக்கிவைக்கிறார். வாரண்டியில் சேராத நோய்களில் அவருக்கு ஆர்வம் கிடையாது.

இவ்வினத்தாரின் பொற்காலம் 2005 அக்டோபரில் தொடங்கியது. சோனி தயாரித்த ஒருவகைப் பட உணரிகளில், அதாவது லென்ஸ் வழி வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றும் சில்லுகளில், உள்ளிணைப்புக் கம்பிகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் விட்டுப்போவது அப்போது வெளியாயிற்று. அந்தச் சில்லுகளைத் தம் கேமராக்களில் வைத்திருந்த கேனான், நிக்கான், ஃபூஜி உள்ளிட்ட வேறு நிறுவனங்களும், வாரண்டி முடிந்த கேமராக்களைக்கூட இலவசமாகச் சீர்செய்ய முன்வந்தன. வாரண்டி முடிந்த பின்னும் வாரண்டி! பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடம் என்ற தொடரைப் படித்த சென்னைவாசிக்கு, ஜப்பானில் யாரோ தம் வீட்டுக் கூடத்தை மே மாதத்தில் வந்து பார்த்துவிட்டு எழுதியதாகவே தோன்றியிருக்கும்.

வாரண்டிக்காரரின் உண்மையான அரங்கம் சர்வீஸ் சென்டர். டோக்கன் எடுத்து, முறை வந்ததும், கேமராவை மேசைமேல் வைப்பதற்கு முன் அதன் ஆறு பக்கங்களையும் தம் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்; படம் எடுக்க அலைபேசியே போதும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தோன்றினாலும் ஒருவரும் சொல்வதில்லை. பொருளை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாகத் தரப்படும் ஜாப் ஷீட்டில், பொருளின் வெளித்தோற்றத்தைக் குறிக்கும் கட்டம் ஒன்று உண்டு; பிற்காலப் போர்கள் அனைத்தும் அந்தக் கட்டத்திலிருந்தே பிறக்கின்றன. மேசையில் இருக்கும் பெண் அதில் வழக்கம்போல் 'கீறல்கள்' என்று பதிவார்.

"கீறல்னு போடாதீங்கம்மா. நாளைக்கு ஃபிசிக்கல் டேமேஜ்னு சொல்லுவீங்க. உபயோகத் தடம்னு போடுங்க."

"அந்த ஆப்ஷன் சிஸ்டத்துல இல்லை சார்."

"அப்போ கையால எழுதி சீல் வைங்க."

ஃபிசிக்கல் டேமேஜ் என்பது, கேமரா கீழே விழுந்ததாலோ இடிபட்டதாலோ நேர்ந்த சேதம். அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் வாரண்டி செல்லாது, லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்றும் செலவோ புதுக் கேமராவின் விலையை எட்டிப்பிடிக்கும். ஆகவே நிலையத்தார் கீறலைத் தேடுவதும், அவர் கீறலின் பிறப்பு வரலாற்றை விளக்குவதும் இயல்பே. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முதலில் பொறுமை இழந்து, பிறகு கவனித்து, இறுதியில் தங்கள் ஜாப் ஷீட்டிலும் 'உபயோகத் தடம்' என்று எழுதித் தருமாறு கேட்கத் தொடங்குவார்கள். மைய விலகலுக்காகக் கொண்டுவந்தால் சிக்கல் வேறு வகையானது. "வித்தின் ஸ்பெக் சார்," அதாவது குறை ஏற்கத்தக்க அளவுக்குள்ளேயே இருக்கிறது, என்று பதில் வரும். அந்த அளவு எது என்பது வாடிக்கையாளருக்கு அச்சிட்டுத் தரப்படுவதில்லை. வாரண்டிக்காரர் பையிலிருந்து செங்கல் சுவர்களை எடுத்து மேசையில் பரப்புவார். பரப்பியபின் மேலாளர் வருவார். "பார்ட்ஸ் வரணும் சார், வந்ததும் ஃபோன் பண்றோம்" என்ற சொற்களுடன் அன்றைய அமர்வு முடியும். வாரங்கள் கழித்து லென்ஸ் மாற்றப்பட்டுத் திரும்பும் கேமராவில் இடப்பக்கம் தெளிந்து வலப்பக்கம் மங்கியிருக்குமாயின், அவருடைய மகிழ்ச்சிக்கு எல்லை இராது.

மேலாளருக்கு அப்பால் சட்டம் இருக்கிறது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் இளமையிலேயே கற்றவர். அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்றதும், வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம் என்ற பழைய வசதியோடு இதையும் சேர்த்துக்கொண்டார். வழக்குக்கு முன் நிறுவனத்துக்கு விடும் நோட்டீஸை அவர் எப்போதும் ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலிலேயே அனுப்பிவந்தார். 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டபோது நாட்டில் மெய்யாகவே வருந்தியவர்களில் அவரும் ஒருவர். இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் பில்லைத் தொலைத்துவிட்டுப் பெருமூச்சோடு பணம் கட்டிப்போகும் பெருங்கூட்டத்தை நம்பி நடக்கும் ஒரு தொழிலில், எழுதிக் கொடுத்ததை ஒருவராவது படித்துவிட்டு வருகிறார் என்ற அச்சம் மேசைக்கு அந்தப்புறம் சிறிதேனும் இருப்பது இவரால்தான்.

அலைபேசி இந்த உலகைச் சுருக்கிவிட்டது. 2010இல் ஜப்பானிய நிறுவனங்களின் டிஜிட்டல் கேமராக்கள் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. நீளும் குழலற்ற அலைபேசியில் லென்ஸ் எரர் வருவதில்லை. ஆயினும் வாரண்டிக்காரர் தம் ஆவணங்களைக் கைவிடவில்லை. மகள் தன் அலைபேசியில் எடுத்துக்கொண்ட படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும், பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் எடுத்து நீட்டுவது அந்த ஒரே கேமராப் படத்தைத்தான். முகம் கொஞ்சம் தெளிவாக இல்லையே என்று பிள்ளையின் தாயார் தயங்குவார். அது பெண்ணின் குறையல்ல, லென்ஸின் குறை என்று தொடங்கி, வாரண்டிக்காரர் மைய விலகலை விளக்கி, கேமராவைத் தலைகீழாக்கி எடுத்த செங்கல் சுவரின் படத்தையும் சான்றாக வைப்பார். உள்ளிருந்து மனைவி கண்ணால் செய்யும் ஜாடைகள் அவர் பார்வைக்கு எட்டுவதில்லை. அந்நேரம் வரை பேசாதிருந்த பிள்ளையின் தகப்பனார், படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய், நான்கு மூலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு, "பில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாரானால், ஜாதகம் பார்க்கும் வேலை மிச்சம்.