வானத்து மணிக்கு வயரு வாங்கும் மருமகனுக்கு

வாரும் மருமகனே! 5ஜி டவருக்கு நேரம் சொல்ல ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கிட்டீராமே. கடிகாரத்துக்குக் காசை அள்ளி வீசிட்டு, ஆன்டெனா வயர்ல மட்டும் மிச்சம் பிடிக்கப் போறீராமே. நல்ல காரியம், நடத்தும்.

20,200 கிலோமீட்டர் தாண்டி வர்ற சிக்னல், இங்க உள்ள இரைச்சலுக்கும் கீழதான் கிடக்கு. அதை மெல்லிசான ஆர்ஜி-58 வயர்ல 30 மீட்டர் இறக்கினா, நூத்துல ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே பெருசு. தடியான எல்எம்ஆர்-400 போட்டா மூணுல ஒரு பங்கு வரும். ஆனா அதுக்கு விலை கூட. உம்ம கைக்கு ஒத்துவராது. டிவிக்கு இழுக்கிற ஆர்ஜி-6ல எட்டுல ஒரு பங்கு வரும். "அது 75 ஓம், இது 50 ஓம், சேராது"ன்னு கடைக்காரன் ஜாதகப் பொருத்தம் பார்ப்பான். அந்தப் பொருத்தக் குறைவுல போறது சொற்பம்தான்யா.

ஆனா டிவி ஸ்பிளிட்டரைச் சொருகிடாதேயும். மாடியில ஆன்டெனாவுக்குள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு கரண்டு இதே வயர்லதான் ஏறணும். ஸ்பிளிட்டர் அதை மறிச்சா, உம்ம ஆன்டெனா காக்கா உக்காரத்தான் ஆகும்.

வயர்ல வர்றதுக்கும் நேரம் பிடிக்கும்லா? ஆர்ஜி-58ல மீட்டருக்கு 5 நானோசெகண்ட். 30 மீட்டருக்கு 150. மிச்ச வயரைச் சுருட்டி மூலையில போட்டிருப்பீரே, அதுவும் இந்தக் கணக்குல சேரும். மொத்த நீளத்துக்கும் தாமதத்தைக் கணக்குப் பண்ணி கடிகாரத்துல ஏத்தும். ஆபீஸ் சுவத்துல மாட்டுற கடிகாரத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். டவருக்கு அனுமதிக்கிற பிசகே 1.5 மைக்ரோசெகண்ட்தான், அதுல பத்துல ஒண்ணை வயருக்குத் தானம் பண்ணவா?

நானோசெகண்ட்தானேன்னு சிரிக்காதேயும். 2011ல இத்தாலியில ஓபரா ஆய்வுக்காரங்க, ஜெனீவா பக்கத்துல இருந்து 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோ, ஒளியை 60 நானோசெகண்ட் முந்திருச்சுன்னாங்க. ஐன்ஸ்டைன் கதை முடிஞ்சுதுன்னு ஊரே பேசிச்சு. மறு வருசம் பார்த்தா, ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுபோன கண்ணாடி இழைக் கேபிளோட முனை சரியா முறுக்கப்படாம இருந்ததுதான் முக்கியக் காரணம். அம்புட்டுப் படிச்சவங்களுக்கே அந்தக் கதி. நீரோ ரெண்டு விரலால ஒரு திருகு திருகிட்டு டீ குடிக்கப் போற ஆளு.

கனெக்டரை இறுக்கி, தண்ணி புகாத ரப்பர் டேப்பைச் சுத்தும். சுவத்துக்குள்ள நுழையுமுன்ன வயரைக் கொஞ்சம் தொங்க விடும்; மழைத்தண்ணி அங்கேயே சொட்டிரும். இடி அரெஸ்டர் வச்சு எர்த் போடும். ஆன்டெனாவுக்குப் போற கரண்டை விடுற அரெஸ்டரான்னு கேட்டு வாங்கும்.

இதெல்லாம் வீண் செலவுன்னு தோணுச்சுன்னா விட்டுரும். ஐப்பசி மழையில கனெக்டர் தண்ணி குடிச்சு டவர் தடுமாறினா, பழியை வானத்து மேல போடும். அது ஒரு நாளும் உம்மகிட்ட வயரு பில்லைக் கேக்காது; கம்பெனிக்காரன் கேப்பான்.