சைக்கிள் போனதா? நம்பர் இருக்கிறதா?

சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள், தேடிக் கண்டுபிடித்தவர்கள், தெரியாமல் திருட்டு சைக்கிளை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க சைக்கிளுக்கே.

பூ வியாபாரி, ஸ்ரீரங்கம்

கே: விடியற்காலையில் பூ எடுக்கப் போன இடத்தில் சைக்கிளைக் காணோம். முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

ப: முதல் ஒரு மணி நேரம் காலுக்கு வேலை, அடுத்த ஒரு மணி நேரம் காகிதத்துக்கு. நிறுத்திய இடத்தைச் சுற்றியுள்ள டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பிளாட்பாரக் கடை என்று எல்லாரிடமும் கேளுங்கள். தன்னுடையது என்று நினைத்து யாராவது தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவசரத்துக்கு எடுத்து மிதித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலோ ரயிலடியிலோ போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். பக்கத்தில் உள்ள சைக்கிள் கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் அடையாளம் சொல்லி வையுங்கள். எதிர்க் கடையில் கேமரா இருந்தால், அந்த நேரத்துப் பதிவை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இடம் நிறைந்ததும் கருவி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். இவ்வளவும் முடிந்த கையோடு காவல் நிலையம்.

பிளஸ் ஒன் மாணவி, விருத்தாசலம்

கே: எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அரசு கொடுத்த ஒரே மாதிரி சைக்கிள். என்னுடையது போனால் எப்படி அடையாளம் சொல்வது?

ப: நிறம் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, கூடை ஒன்று. நம்பர் மட்டும் ஒன்றல்ல, தங்கச்சி. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வை. பெடல் இரண்டும் சேர்கிற இடத்தில் உருண்டையாக ஒரு இரும்புக் குழாய் இருக்கும். அதன் அடியில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அங்கே இல்லாவிட்டால் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, ஹேண்டில்பார் இறங்கும் கழுத்திலோ பார். அழுக்கைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வை. இன்னொரு வேலையும் உண்டு. பெயரையும் அப்பாவின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி, சின்ன பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, கைப்பிடி ரப்பரைக் கழற்றி ஹேண்டில்பார் குழாய்க்குள் செருகிவிடு. வெளியே யார் எந்தப் பெயின்ட் அடித்தாலும் உள்ளே உன் பெயர் இருக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காக 2001-02 கல்வியாண்டில் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் இது. பிறகு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சைக்கிள் வழங்கும் நாளிலேயே மாணவர் பெயருக்கு நேராக அந்த ஃபிரேம் நம்பரையும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பிள்ளை மறந்தாலும் பள்ளி மறக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

கே: நம்பர் குறித்து வைக்கவில்லை, பில்லும் இல்லை. சைக்கிள் போயே போய்விட்டதா?

ப: இல்லை ஐயா. வாங்கிய கடையில் பில் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரனை கேரியரில் உட்கார வைத்து எடுத்த படம் ஏதாவது வீட்டில் இருக்கும், தேடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, உங்களுக்கு வழக்கமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர். எந்த டயர் எப்போது மாற்றியது, எந்தக் கம்பி புதிது, செயின் கவரில் எங்கே வெல்டிங் வைத்தது என்று உங்கள் சைக்கிளை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். புகாரில் “கறுப்பு சைக்கிள்” என்று எழுதினால் ஊரில் பாதி சைக்கிள் அதில் அடங்கும். “பின் மட்கார்டில் இடப்பக்கம் நசுங்கல், ஒரு பெடலில் ரப்பர் இல்லை” என்று எழுதினால் உங்கள் சைக்கிள் மட்டும்தான் அடங்கும்.

கட்டடத் தொழிலாளி, ஓசூர்

கே: ஐயாயிரத்துக்குக் கீழ்ப்பட்ட சைக்கிளுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். உண்மையா?

ப: பாதி உண்மை. மறுபாதிதான் உங்களுக்குத் தேவை.

2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறை தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. நடைமுறைச் சட்டம் இந்தச் சிறு திருட்டை, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அவர்கள் சொன்ன பாதி இது.

மறுபாதியைக் கேளுங்கள். அப்போதும் உங்கள் புகாரைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். விசாரிக்க உத்தரவிடும்படி நடுவரிடம் நீங்கள் மனுக் கொடுக்கலாம். சைக்கிளோடு போன கரணை, ரசமட்டம், டூல் பை என எல்லாவற்றின் விலையையும் உள்ளபடி புகாரில் எழுதுங்கள். போனது அத்தனையும் சேர்ந்ததுதான். சைக்கிள் வீட்டுக்கு உள்ளேயிருந்து திருடப்பட்டிருந்தால் அது 305-ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை. அங்கே ஐயாயிரம் என்ற கோடே கிடையாது.

மதிப்பு 5,000-ஐத் தொட்டால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவரிடம் போங்கள்.

சட்டப் புத்தகத்தில் ஐயாயிரம் சின்னத் தொகையாக இருக்கலாம். காலை ஏழு மணிக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி வேலைக்கு நிற்க வேண்டியவருக்கு அந்த சைக்கிள்தான் அன்றைய கூலி. இதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரி மாணவர், காரைக்குடி

கே: சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ப: உங்கள் சைக்கிள் வேறொரு ஸ்டேஷனில் பிடிபட்டால், அதற்கும் உங்களுக்கும் இடையே உள்ள கயிறு அந்தத் தாள்தான். அதில் ஃபிரேம் நம்பர் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

தறித் தொழிலாளி, குமாரபாளையம்

கே: போன வாரம் தொலைந்த என் சைக்கிளை நேற்று ஒருவர் ஓட்டிப் போவதைப் பார்த்தேன். மறித்துப் பிடுங்கியிருக்க வேண்டுமோ?

ப: வேண்டாம். ஓட்டுகிறவர் திருடியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காசு கொடுத்து ஏமாந்தவராகவும் இருக்கலாம். எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். தள்ளி நின்று படம் எடுங்கள். 112-க்கோ ஸ்டேஷனுக்கோ போன் போட்டு, ரசீதோடு காத்திருங்கள். போலீஸ் வந்து சைக்கிளைக் கவிழ்த்தால் நம்பர் பேசும். நீங்கள் சத்தம் போடத் தேவையே இருக்காது.

மளிகைக் கடைக்காரர், திண்டிவனம்

கே: சைக்கிள் திருடனைக் கம்பத்தில் கட்டி நாலு சாத்து சாத்தினால்தானே அடங்குவான்?

ப: அடித்தால் சைக்கிள் கிடைக்காது, வழக்குக் கிடைக்கும், உங்கள் மேல். திருடும்போதே தடுப்பதற்குச் சட்டம் உரிமை தருகிறது. பிடித்துக் கட்டிய பிறகு விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். இப்படி அடிபட்டு உயிர் போனவர்களும் உண்டு. எந்த சைக்கிளும் ஒரு உயிரின் விலை பெறாது.

சினிமா ரசிகர், கோவில்பட்டி

கே: ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் நாயகனுக்கு சைக்கிள் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். உங்களுக்கு?

ப: எனக்கும் அதே ஏக்கம்தான். 1948-இல் டி சிகா எடுத்த படம். போருக்குப் பிந்தைய ரோம் நகரில் போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் கட்டாயம். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருடு போகிறது.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது சந்தைக் காட்சியை. ஒருவர் ஒரு ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். நாயகன் அந்தோனியோவுக்குச் சந்தேகம். நம்பரைக் காட்டச் சொல்கிறான், அவர் மறுக்கிறார். காவலர் வந்து நம்பரைப் பார்க்கிறார், அது வேறு. விவகாரம் அத்தோடு தீர்ந்தது. சைக்கிள் கிடைக்கவில்லைதான். ஆனால் சந்தேகப்பட்டவர் மேல் பழி விழாமல் நின்றதே, அதைச் செய்தது அந்த நம்பர். நம் பொருளை மீட்பதற்கு மட்டுமல்ல, அடுத்தவர் மேல் அநியாயமாகப் பாயாமல் இருப்பதற்கும் நம்பர் வேண்டும்.

டெலிவரி வேலை பார்ப்பவர், மதுரை

கே: இரண்டாம் கையாக 1,500 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிள் திருட்டு சைக்கிளாம். காசு கொடுத்துத்தானே வாங்கினேன், எனக்குச் சொந்தமில்லையா?

ப: இல்லை. தனக்குச் சொந்தமில்லாததை விற்கிறவர் உங்களுக்கும் சொந்தத்தைத் தர முடியாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 27-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். சைக்கிள் உரியவருக்கு, உங்கள் பணத்தை விற்றவரிடம் கேளுங்கள். தெரியாமல் வாங்கியது குற்றமாகாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் இன்றே ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள்.

இனி வாங்குகிறவர்கள் கவனிக்க: பூட்டு இருந்து சாவி இல்லையா? நம்பர் இருந்த இடத்தில் அரம் போட்ட தடமா? விலை கேட்டதும் சந்தோஷம் பொங்குகிறதா? கையை எடுத்துவிடுங்கள். மற்றபடி விற்கிறவரின் அடையாள அட்டை நகலும், ஃபிரேம் நம்பர் எழுதிய கையெழுத்துக் காகிதமும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தையற்காரர், நாகர்கோவில்

கே: என் சைக்கிள் பிடிபட்டுவிட்டது. ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது. “கோர்ட்டில் வாங்கிக்கொள்” என்கிறார்கள். எப்படி?

ப: வழக்குச் சொத்தாகிவிட்டதால் கோர்ட் உத்தரவு தேவை. நடுவர் நீதிமன்றத்தில் சைக்கிளைத் திரும்பத் தரும்படி மனுப் போடுங்கள். ரசீது, படம், பில், நம்பர் எல்லாம் சேருங்கள். வழக்கு முடியும்வரை பொருட்கள் ஸ்டேஷனில் கிடந்து வீணாகக் கூடாது, படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு, பிணைமுறி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கிய பிறகு வழக்கு முடியும்வரை விற்காதீர்கள், பெயின்ட் மாற்றாதீர்கள். கோர்ட் கேட்டால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இன்னும் கிடைக்காதவர்களும் அக்கம்பக்கத்து ஸ்டேஷன்களில் கேட்டு நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். உரியவர் தெரியாத பொருளுக்கு நடுவர் அறிவிப்பு வெளியிட்டால், உரிமை கோர ஆறு மாதம் அவகாசம். அதற்குள் யாரும் வராவிட்டால் அது ஏலத்துக்குப் போகலாம்.

தினசரி ரயில் பயணி, அரக்கோணம்

கே: டோக்கன் கொடுத்த ஸ்டாண்டிலேயே சைக்கிள் போனது. “நிர்வாகம் பொறுப்பல்ல” என்று டோக்கனிலேயே அச்சடித்திருக்கிறதே?

ப: காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காவலில் எடுத்தவர், தன் பொருளைப் போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். டெல்லியில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் காவலில் இருந்து 1998-இல் காணாமல் போன கார் பற்றிய வழக்கில், அலட்சியத்துக்கு அந்த அச்சடித்த வரி கேடயமாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோக்கனைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் புகாரோடு, நுகர்வோர் ஆணையத்தின் கதவையும் தட்டலாம்.

இல்லத்தரசி, ஆவடி

கே: எந்தப் பூட்டு நல்லது?

ப: எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் பூட்டு. பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிள் உருளாது. ஆனால் தூக்கிக்கொண்டு போகலாம். ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பிணையுங்கள்.

வங்கி ஊழியர், கோவை

கே: பைக்குக்கு ஆர்.சி. புத்தகம் இருப்பது போல சைக்கிளுக்கும் ஒன்று வைத்தால் என்ன?

ப: வைக்கத்தான் வேண்டும். ஜப்பானில் சைக்கிளைப் பதிவு செய்து எண் ஒட்டுவது சட்டப்படி கடமை. தெருமுனைக் காவலர் நிறுத்தி, எண்ணையும் ஓட்டுகிறவர் பெயரையும் ஒத்துப் பார்ப்பார். பிரான்சில் 2021 முதல் கடைகளில் விற்கும் புது சைக்கிளுக்கு அடையாள எண் கட்டாயம். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, விற்கும் கடைக்காரரே ஒரு நோட்டுப் போட்டு நம்பரையும் வாங்கியவர் பெயரையும் எழுதி வைக்கலாம். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

அறுபது வயதுப் பெண்மணி, புதுக்கோட்டை

கே: அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஓட்டப் பழகி, பிறகு சீட்டுப் பணத்தில் வாங்கிய சைக்கிள். இத்தனை வருஷம் வைத்திருந்து போன மாதம் திருடு போனது. “பழசுதானே, விடும்மா, ஸ்கூட்டி வாங்கித் தரேன்” என்கிறான் மகன். புகார் கொடுக்கப் போனால் சிரிப்பார்களோ?

ப: போங்கம்மா. 1990-களின் தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தெருவில் எத்தனையோ பேர் சிரித்திருப்பார்கள், நீங்கள் இறங்கவில்லையே! மகன் தரும் ஸ்கூட்டியை அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள். அது அவன் பாசம். சைக்கிள் நீங்கள் சம்பாதித்தது. விலை என்ன என்று கேட்டால் இன்று அது என்ன பெறுமோ அதைச் சொல்லுங்கள். அடையாளம் கேட்டால், பெல்லின் சத்தம் முதல் கேரியரில் கட்டிய கயிறு வரை ஒன்று விடாமல் சொல்லுங்கள். முப்பது வருஷம் மிதித்தவருக்குத் தெரியாத அடையாளமா? எழுதி முடித்ததும் ரசீதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.